கார்ல்ஸ்பாட் அமைப்பைப் படிக்க லிசெஸ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சதுரங்க ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) படிப்பவர்களுக்கு லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் தரும் கருவிகளில் முக்கியமானவை மூன்று: ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர், ஸ்டடி (நகர்வுகளைக் குறிப்புகளோடு அத்தியாயங்களாகச் சேமிக்கும் இடம்), கம்ப்யூட்டருடன் பயிற்சி. மூன்றும் இலவசம், விளம்பரம் கிடையாது. 2010இல் தீபோ துப்லெஸி தொடங்கிய இந்தத் தளம் நன்கொடையில் ஓடுகிறது. பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் கருவிகளில் எந்த வித்தியாசமும் இல்லை. அதனால் கொடுத்த காசுக்குத் தகுமா என்று இங்கே கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு: ஒரு வேரியேஷனில், அதாவது ஓப்பனிங்கின் ஒரு கிளையில், இரு தரப்பின் திட்டங்களையும் இந்தக் கருவிகளால் கற்றுக்கொள்ள முடியுமா?

சோதனைக்கு எடுத்துக்கொண்டது குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டின் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன். 1.டி4 டி5 2.சி4 இ6 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.சி×டி5 இ×டி5. (எழுத்தும் எண்ணும் சேர்ந்து கட்டத்தைக் குறிக்கும்; காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய்; பிடி7 என்றால் பி வரிசைக் காய் டி7க்கு; × வெட்டு, 0-0 கோட்டை கட்டுதல், மூன்று புள்ளி கறுப்பின் நகர்வு, ? பிழை, ! நல்ல நகர்வு.) நாலாவது நகர்வோடு கார்ல்ஸ்பாட் சிப்பாய் அமைப்புக்கு அடித்தளம் விழுந்துவிடுகிறது. வெள்ளைக்குப் பாதி திறந்த சி வரிசை, கறுப்புக்குப் பாதி திறந்த இ வரிசை; அதாவது அங்கே தன் சிப்பாய் இல்லை, எதிராளியின் சிப்பாய் மட்டும் உண்டு. அவசரத் தாக்குதல் எதுவும் இல்லை. அடுத்த முப்பது நகர்வும் யார் திட்டம் முந்துகிறது என்பதிலேயே கழியும். நகர்வை மட்டும் காட்டி, காரணத்தைக் காட்டாத கருவியின் பலவீனம் இங்கே உடனே வெளிப்படும். அதற்காகவே இந்தத் தேர்வு.

முதலில் எக்ஸ்ப்ளோரர்: ஒரு நிலையில் எந்த நகர்வு எத்தனை முறை ஆடப்பட்டது, வெற்றி விகிதம் என்ன என்று காட்டும் அட்டவணை. இதில் மூன்று தரவுத்தளங்கள் உண்டு. மாஸ்டர்ஸ் என்பது 1952இலிருந்து 2200க்கு மேல் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ளவர்கள் நேரில் ஆடிய ஆட்டங்கள். லிசெஸ் என்பது தளத்திலேயே ஆடப்பட்ட ஆட்டங்கள். ரேட்டிங்கையும் நேரக் கட்டுப்பாட்டையும் வைத்து வடிகட்டலாம். பிளேயர் என்பது ஒரு குறிப்பிட்ட கணக்கின் ஆட்டங்கள். 1952 என்ற எல்லையால் ஒரு இழப்பு இருக்கிறது. 1927இல் அலேகின், கபாபிளாங்கா உலகப் பட்டத்துக்காக மோதியபோது 34 ஆட்டங்களில் 32இல் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட்தான் வந்தது. இந்த ஓப்பனிங் குடும்பத்தின் ஆணிவேரான அந்த ஆட்டங்கள் மாஸ்டர்ஸ் அட்டவணையில் சேராது. வேறு இடத்திலிருந்து பிஜிஎன் கோப்பை (ஆட்டத்தின் நகர்வுகளைப் பதிந்த கோப்பு) எடுத்து ஸ்டடியில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நகர்வு வரிசையை முடிவு செய்ய இந்த அட்டவணையை மிஞ்சிய உதவி இல்லை. அது வரிசையைப் பார்ப்பதில்லை, நிலையைத்தான் பார்க்கிறது. எந்த வழியாக வந்தாலும் ஒரே நிலை என்றால் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். உதாரணமாக 5.பிஷப் ஜி5 சி6 வரை வந்துவிட்டு, 6.குதிரை எஃப்3, 6.இ3, 6.ராணி சி2 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் சொடுக்கிப் பாருங்கள். குதிரை எஃப்3க்குப் பிறகு கறுப்பு பிஷப் எஃப்5 ஆடி, இந்த அமைப்பில் தன் மோசமான காயான வெள்ளைக் கட்ட பிஷப்புக்கு நிம்மதியான இடம் தேடிக்கொள்கிறது. 6.இ3 பிஷப் எஃப்5 என்றால் மட்டும் 7.ராணி எஃப்3 இருக்கிறது: 7...பிஷப் ஜி6 8.பிஷப்×எஃப்6 ராணி×எஃப்6 9.ராணி×எஃப்6 ஜி×எஃப்6. ராணிகள் இறங்கிவிடும், கறுப்புக்கு எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய் மிஞ்சும். எஃப்3இல் ஏற்கெனவே குதிரை நின்றால் அந்த ராணி நகர்வே கிடையாது. குதிரையைத் தாமதப்படுத்துவதற்கு இதுதான் காரணம். அட்டவணையில் எண்களாகத் தெரிவதை இரண்டு கிளைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் காரணம் தெரியும்.

குறைந்த ரேட்டிங் பிரிவில் வடிகட்டும்போது ஒரு பழைய பொறியையும் பார்க்கலாம். 5.பிஷப் ஜி5 குதிரை பிடி7 என்று கறுப்பு ஆடினால் டி5 சிப்பாய் இலவசம் போலத் தோன்றும். 6.குதிரை×டி5?? குதிரை×டி5! 7.பிஷப்×டி8 பிஷப் பி4 செக். ராணி டி2இல் குறுக்கே வந்தே தீர வேண்டும். கறுப்பு அதை வெட்டி, பிறகு டி8 பிஷப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு காய் முன்னிலையில் நிற்கும். மாஸ்டர்ஸை மட்டும் திறந்து வைத்திருப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. எதிரே உட்காரப் போகிறவரின் ரேட்டிங் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்; கூடவே குறுகிய நேர ஆட்டங்களான புல்லட், பிளிட்ஸ் இரண்டையும் அணைத்துவிட்டு, அதைவிட நீண்ட நேர ரேபிட், கிளாசிக்கல் மட்டும் வையுங்கள். இந்த அமைப்பில் வெள்ளைக்குக் கிடைக்கும் சாதகம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் பலன் தரும். மூன்று நிமிட ஆட்டத்தில் அதற்குள் கடிகாரம் முந்திக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆட்டங்களின் வெற்றி விகிதத்தை வைத்து ஒரு திட்டத்தை எடைபோட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

இனி எக்ஸ்ப்ளோரர் எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம். முக்கிய நிலை வரை போங்கள்: 5.பிஷப் ஜி5 சி6 6.இ3 பிஷப் இ7 7.பிஷப் டி3 0-0 8.ராணி சி2 குதிரை பிடி7 9.குதிரை எஃப்3 யானை இ8 10.0-0 குதிரை எஃப்8. கடைசி நகர்வு பழகாத கண்ணுக்கு விசித்திரம். நடுவில் நின்ற குதிரையைப் பின் வரிசைக்கு ஏன் இழுக்க வேண்டும்? அட்டவணை சொல்வது பலரும் இதை ஆடுகிறார்கள் என்பது மட்டுமே. ஆனால் அந்த ஒரு நகர்வு மூன்று வேலை செய்கிறது. எச்7ஐக் காக்கிறது. சி8 பிஷப்புக்கு வழி திறக்கிறது. ஜி6 அல்லது இ6க்குப் போகத் தயாராகிறது.

இதில் இரண்டாவது வேலைதான் உயிர்நாடி. கறுப்பின் ஆசை குதிரை இ4. குதிரை டி7இல் நிற்கும்போதே, யானையும் இ8க்கு வராத நேரத்தில், 9...குதிரை இ4? என்று அவசரப்பட்டால் 10.பிஷப்×இ7 ராணி×இ7 11.பிஷப்×இ4 டி×இ4 12.குதிரை×இ4, ஒரு சிப்பாய் போயிற்று. குதிரை எஃப்8க்குப் பிறகு அதே யோசனை நிற்கும்: 11.யானை ஏபி1 குதிரை இ4 12.பிஷப்×இ7 ராணி×இ7 13.பிஷப்×இ4 டி×இ4. இப்போது 14.குதிரை×இ4? என்று எடுத்தால் 14...பிஷப் எஃப்5 வந்து விழும். இ4 குதிரைக்குப் பின்னால் சி2 ராணி, எதிரே இ வரிசையில் கறுப்பின் ராணியும் யானையும். 15.குதிரை எஃப்டி2 என்று காத்தாலும் தாக்குபவர் மூன்று, காப்பவர் இரண்டு. குதிரை போய்விடும். அதனால் வெள்ளை 14.குதிரை டி2 என்று விலக வேண்டும். கறுப்பு எஃப்5 ஆடி இ4 சிப்பாயைத் தாங்கும். இப்படி ஒரு காரணத்தை அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் படிக்க முடியாது.

நகர்வுகளைக் கணக்கிட்டு எண்ணால் மதிப்பிடும் நிரலான என்ஜினும் பெரிதாகக் காப்பாற்றாது. ஐந்து லைன்கள் (நகர்வுத் தொடர்கள்) வரை ஒரே சமயத்தில் காட்டச் சொல்லலாம். ஆனால் இந்த நிலையில் யானை ஏபி1, எச்3, யானை ஏஇ1 எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிய எண்களோடுதான் நிற்கும். சில நொடி விட்டுப் பார்த்தால் வரிசையே மாறியிருக்கும். அந்தச் சிறு வித்தியாசத்தை நம்பி நகர்வைத் தேர்வது வீண். என்ஜினிடம் வாங்க வேண்டிய உதவி வேறு: எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளிக்கு இப்போது வாய்ப்பு கிடைத்தால் என்ன செய்வார் என்று காட்டும். குதிரை இ4 எப்போது உண்மையான மிரட்டல், எப்போது வெறும் தோற்றம் என்பதை நகர்வுக்கு நகர்வு இப்படிச் சரிபார்க்கலாம். தளத்தில் இருக்கும் சின்ன வசதிகளில் இதைத்தான் அதிகம் பாராட்ட வேண்டும்.

திட்டங்களைப் படிக்க ஏற்ற இடம் ஸ்டடி. ஒரு ஸ்டடிக்குள் 64 அத்தியாயங்கள் வரை வைக்கலாம்; இந்த வேரியேஷனுக்குப் பத்துப் பன்னிரண்டே தாராளம். முதல் அத்தியாயம் மட்டும் முதல் நகர்விலிருந்து தொடங்கட்டும். மற்றவை குதிரை எஃப்8க்குப் பிந்தைய நிலையின் ஃபென் வரியை (பலகையின் நிலையை ஒரே வரியில் எழுதும் குறியீடு) ஒட்டித் தொடங்கட்டும். இதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்ப்ளோரர்போல ஸ்டடி நிலைகளை ஒன்று சேர்ப்பதில்லை. இரண்டு நகர்வு வரிசைகள் ஒரே நிலைக்கு வந்தாலும் அவை இரண்டு தனிக் கிளைகளாகவே கிடக்கும். ஒன்றில் எழுதிய குறிப்பு மற்றதில் இருக்காது. சில வாரத்தில் ஒரே நிலைக்கு இரண்டு விதமான குறிப்புகள் சேர்ந்து, எது சரி என்று தெரியாமல் போகும். ஃபென்னிலிருந்து தொடங்கினால் இந்தக் குழப்பம் அடியோடு போகும். எக்ஸ்ப்ளோரரும் அந்த அத்தியாயத்துக்குள் வழக்கம்போல வேலை செய்யும்.

வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் பச்சை அம்பு, ஷிஃப்ட்டோடு இழுத்தால் சிவப்பு. பச்சையை வெள்ளையின் திட்டத்துக்கும் சிவப்பைக் கறுப்பின் திட்டத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கடைசி வரை மாற்றாமல் இருங்கள். அம்புகள் நகர்வோடு சேமிக்கப்படும். ஒரு நிலையைத் திறந்த நொடியே இரு தரப்பும் எங்கே போகப் பார்க்கின்றன என்று கண்ணுக்குத் தெரிவது நீளமான குறிப்பைவிடப் பயன்படும்.

மைனாரிட்டி அட்டாக் அத்தியாயத்தில் இருக்க வேண்டியவை இவை. வெள்ளை யானை ஏபி1, பி4, ஏ4, பி5 என்று இரண்டு சிப்பாய்களைக் கொண்டு மூன்று சிப்பாய்களை மோதுகிறது. பி×சி6 பி×சி6 ஆனதும் சி6இல் துணையில்லாத சிப்பாய் நிற்கும். சி வரிசையில் யானை, ஏ4 வழியாக சி5க்குக் குதிரை. வெள்ளைக்கு வேண்டியது இவ்வளவே. கறுப்பு ஏ5 ஆடினால் பி4க்கு முன் ஏ3 தேவை. பிறகு ஏ சிப்பாய்கள் வெட்டுப்பட்டு ஏ வரிசை கறுப்பு யானைக்குத் திறக்கும். அதை வெள்ளைக்கு ஆன செலவாகக் குறித்துவைக்க வேண்டும். ஜி5 பிஷப்பை எஃப்6இல் கொடுத்துவிடுவதும் பலமுறை சரியே. வெள்ளையின் சிப்பாய்கள் டி4, இ3 என்று கறுப்புக் கட்டத்தில் இருப்பதால் அந்த பிஷப் போவதில் பெரிய நஷ்டம் இல்லை. குதிரை இ4 என்ற தொல்லையும் தீரும்.

கறுப்புக்கான அத்தியாயம் இதைவிட நீளமாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் தப்பு செய்யும் இடம் இதுதான். அவர்கள் சி6ஐக் காப்பதையே திட்டம் என்று நினைத்து எல்லாக் காயையும் பின்னுக்கு இழுக்கிறார்கள். கறுப்பின் முதல் வேலை வெள்ளைக் கட்ட பிஷப்புகளை மாற்றிக்கொள்வது. டி5, சி6 சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிய பிஷப் போகும். சி4, இ4 கட்டங்களைக் காக்கும் டி3 பிஷப்பும் போகும். அதற்கான மெதுவான வழி: எஃப்8 குதிரை இ6, பிறகு ஜி6, குதிரை ஜி7, பிஷப் எஃப்5. இரண்டாவது, டி6இல் ஒரு குதிரை. அங்கிருந்து அது பி5, சி4, இ4, எஃப்5 நான்கையும் பார்க்கும். பி6, சி8 வழியாகச் சுற்றியும் அங்கே போகலாம். மூன்றாவது, வெள்ளை பி4 ஆடிய பின் கறுப்பே பி5 என்று நிறுத்துவது. சி6 நிரந்தரமாகப் பின்தங்கும். ஆனால் சி4இல் கறுப்புக் குதிரை உட்கார்ந்தால் சி வரிசை அடைபட்டு, அந்தச் சிப்பாயை யானையால் தொட முடியாது. குதிரை இரண்டு மூன்று நகர்வில் சி4க்கு வர முடியும் என்றால் மட்டுமே பி5 ஆடலாம். எஃப்8க்குப் போன குதிரை அங்கே திரும்பி வர நேரம் பிடிக்கும். அந்த வேலையை எஃப்6 குதிரைதான் டி7, பி6 வழியாகச் செய்ய வேண்டும். பத்தாவது நகர்விலேயே கறுப்பு எந்தப் பக்கம் ஆடப் போகிறது என்பது பாதி முடிவாகிவிடுகிறது. ராஜா பக்கம் என்றால் குதிரை ஜி6, பிஷப் டி6, குதிரை இ4, எஃப்5.

வெள்ளைக்கு இன்னொரு முகமும் உண்டு: குதிரையை எஃப்3க்குப் பதில் இ2இல் வைத்து, எஃப்3, இ4. இதற்கு 1952இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் போட்வின்னிக் கெரஸை வென்ற ஆட்டத்தை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். 11.யானை ஏபி1 என்று போட்வின்னிக் மைனாரிட்டி அட்டாக்கைக் காட்டினார். பிறகு ராஜா எச்1, எஃப்3, 14.யானை பிஇ1. அந்த யானை இரண்டு நகர்வு செலவழித்து நடுவுக்கு வந்தது. இடையில் கறுப்பு பிஷப்பும் டி6க்குப் போய் இ7க்கே திரும்பியது. 20.இ4, 22.இ5, 24.குதிரை டி6, 37ஆவது நகர்வில் கெரஸ் விட்டுக்கொடுத்தார். இரண்டு திட்டங்களும் ஒரே அமைப்பிலிருந்து கிளம்புவதால், எது வரும் என்று கறுப்புக்குத் தெரியாமல் வைத்திருப்பதே ஒரு ஆயுதம். இந்த நுட்பத்தை அட்டவணை அறவே காட்டாது. அது 11ஆவது நகர்வில் யானை ஏபி1 என்று ஒரு எண்ணைக் கூட்டிவிட்டுப் போய்விடும்.

இந்தத் திட்டத்தின் ஆபத்தையும் அதே அத்தியாயத்தில் எழுதுங்கள். எஃப்3 ஆடியதும் இ3 சிப்பாய்க்குச் சிப்பாய்த் துணை போகிறது. எதிரே இ8 யானை. காய்கள் தயாராகும் முன் இ4 தள்ளினால் டி×இ4 எஃப்×இ4, பிறகு சி5 என்று கறுப்பு நடுவைத் தகர்க்கும். கறுப்புக்காகக் குறிக்க வேண்டிய சிவப்பு அம்பு சி6இலிருந்து சி5க்குத்தான்.

அத்தியாய வகைகளில் இன்டராக்டிவ் லெசன் என்று ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டு, சரியான நகர்வை ஆட வைக்கும். தந்திர நிலைகளுக்கு அருமை: மேலே சொன்ன பிஷப் எஃப்5, டி5 பொறி இரண்டையும் இதில் வைக்கலாம். திட்டங்களுக்கு மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். மெயின் லைனில் இருக்கும் ஒரே நகர்வைத்தான் சரி என்று ஏற்கும். யானை ஏபி1, எச்3 இரண்டும் நல்லவை என்ற இடத்தில் ஒன்றைத் தப்பு என்று சொல்லிவிடும். அப்படிப் படித்தவர் திட்டத்தை விட்டுவிட்டு விடையை மனப்பாடம் செய்வார். பதிலாக அடுத்த நகர்வுகளை மறைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, மனத்தில் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே ஆட்டத்தை நகர்த்துங்கள்.

கம்ப்யூட்டருடன் பயிற்சி சுமார்தான். ஒவ்வொரு நகர்வுக்கும் நல்லது, பிழை என்று உடனே சொல்வது பயன்தான். ஆனால் முழு பலத்தில் ஆடும் என்ஜின் மைனாரிட்டி அட்டாக்கை ஆரம்பத்திலேயே முடக்கும். மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. பலம் குறைந்த நிலைகளில் ஆடினால் திடீரென்று ஒரு காயைத் தூக்கிக் கொடுத்துவிடும். சி6ஐ முற்றுகையிடும் பழக்கமே வராது. இதே நிலையிலிருந்து நண்பருக்குச் சவால் அனுப்பும் வசதி இருக்கிறது. அது எவ்வளவோ மேல். இரண்டு ஆட்டம், ஒவ்வொன்றிலும் நிறம் மாற்றி, தலா பதினைந்து நிமிடம். முடிந்ததும் இரண்டையும் அதே ஸ்டடிக்குள் அத்தியாயமாகச் சேர்த்து, 15ஆவது, 20ஆவது, 25ஆவது நகர்வில் நிறுத்தி அந்த நேரத்தில் யார் என்ன நினைத்தார் என்று இருவரும் குறிப்பு எழுதலாம். ஸ்டடியை அழைப்பின் பேரில் மட்டும் திறக்கும்படி வைத்தால் அடுத்த போட்டி எதிராளி எட்டிப் பார்க்க முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. மூன்றாவது நகர்வில் கறுப்பு குதிரை எஃப்6க்குப் பதில் பிஷப் இ7 ஆடினால் ஜி5க்கு பிஷப் போக முடியாது. 4.சி×டி5 இ×டி5 5.பிஷப் எஃப்4 சி6 6.இ3 பிஷப் எஃப்5 7.ஜி4 என்று ஆட்டம் வேறு திசையில் பாயும். 1963 உலகப் பட்டப் போட்டியில் பெட்ரோசியனுக்கு எதிராக போட்வின்னிக் எடுத்த ஆயுதம் அது. சிப்பாய் அமைப்பு ஒன்றாகத் தெரிந்தாலும் ராஜா பக்கச் சிப்பாய்கள் ஏழாவது நகர்விலேயே ஓடத் தொடங்குவதால் மேலே சொன்ன எந்த அம்பும் அப்படியே பொருந்தாது. அதற்குத் தனி ஸ்டடி தொடங்குங்கள்.